சீலிங் ஃபேனை வைத்தே கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி: சித்திரை முதல் மார்கழி வரை

கரண்ட் பில் எகிறியதும் வீட்டில் எல்லோரும் ஏசியைத்தான் திட்டுவார்கள். ஆனால் ஏசி ஓடுவது நம் ஊரில் மூன்று நான்கு மாதம், அதுவும் பெரும்பாலும் இரவில். ஃபேன் அப்படி இல்லை. ஹாலில் காலை காபியிலிருந்து இரவு டிவி அணைக்கும் வரை, படுக்கையறையில் விடிய விடிய, அடைமழைக் காலத்திலும் ஈரத் துணி காயட்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்கு எளிது. பழைய 48 அங்குல ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாளுக்கு 15 மணி நேரம் என்றால் ஒரு ஃபேன் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று ஃபேன் அப்படி ஓடினால் 200 தாண்டிவிடும். 100 யூனிட் இலவசம் என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அதை முழுசாக விழுங்குவதற்கு ஒன்றரை ஃபேன் போதும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு முக்கியமாவதற்கு இன்னொரு காரணம், 500 யூனிட் கோடு. இரண்டு மாத ரீடிங் 500-க்குள் நின்றால் ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை, 101-லிருந்து 200 வரை இருந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 520, 540 என்று வந்து நிற்கும் வீடுகளுக்கு ஃபேனில் மிச்சமாகும் 40, 50 யூனிட் பெரிய விஷயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, ஆளைத்தான் குளிர வைக்கிறது. வியர்வை வேகமாக உலர்கிறது, உடம்பை ஒட்டி நிற்கும் சூடான காற்று விலகுகிறது, அவ்வளவுதான். ஆளே இல்லாத அறையில் ஓடும் ஃபேன் அறையை லேசாகச் சூடாக்கத்தான் செய்யும், ஏனென்றால் மோட்டார் எடுக்கும் 75 வாட்டும் கடைசியில் வெப்பமாக அந்த அறைக்குள்தான் இறங்குகிறது. "ரூம் கொஞ்சம் கூலாகட்டும்" என்று போட்டுவிட்டுப் போவது வெட்டிச் செலவு. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

1. உங்கள் ஃபேன் எவ்வளவு எடுக்கிறது என்று மீட்டரிலேயே பாருங்கள்

இதற்குத் தனியாகக் கருவி வாங்க வேண்டாம். இபி மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3200, உங்களுடையதில் வேறாகவும் இருக்கலாம்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், வைஃபை, செட்-டாப் பாக்ஸ் எல்லாம். முக்கியமாக இன்வெர்ட்டர், அது சத்தமில்லாமல் பேட்டரியை சார்ஜ் செய்துகொண்டிருக்கும், அதை மறந்தால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். சோதிக்கப்போகும் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒரு மின்னலிலிருந்து தொடங்கி அடுத்த பத்து மின்னலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 150 விநாடி ஆனால் 75 வாட். 375 விநாடி ஆனால் 30 வாட். மீட்டரில் வேறு எண் இருந்தால் 3 கோடியே 60 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை விநாடியால் வகுக்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபேனுக்கும் இப்படிப் பார்த்து எழுதி வையுங்கள், ரெகுலேட்டரை 3-ல் வைத்தும் ஒருமுறை. காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துபோய் மறுபடி கட்டிய ஃபேன் இருந்தால் அதைக் கண்டிப்பாகப் பாருங்கள். கம்பியின் தடிமனும் சுற்றின் எண்ணிக்கையும் சரியாக இல்லாமல் கட்டியிருந்தால் காற்று குறைவாகவும் கரண்ட் அதிகமாகவும் இருக்கும். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் மாற்ற வேண்டிய முதல் ஃபேன் அதுதான்.

2. காசு போடுவதற்கு முன்னால் துடையுங்கள்

இறக்கையின் முன் விளிம்பில், காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற அந்த ஓரத்தில், கறுப்பாக ஒரு கோடு மாதிரி தூசி படிந்திருக்கும். தாளிப்புப் புகை வந்து சேரும் ஹாலில் என்றால் பிசுபிசுப்பும் சேர்ந்திருக்கும். இது காற்றைக் குறைக்கும். காற்று குறைந்தால் நாம் வேகத்தைக் கூட்டுவோம்.

பழைய தலையணை உறையை இறக்கைக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் லேசாகப் பிடித்தபடி இழுத்தால் தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழும், கட்டில் பாழாகாது. அப்புறம் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி. இறக்கையை அழுத்தாதீர்கள். கொஞ்சம் வளைந்தாலும் ஆட்டம் வந்துவிடும்.

துடைத்த பிறகும் வேகம் வரவில்லையா? பெரும்பாலும் கண்டென்சர் (மோட்டார் சுற்ற உதவும் சின்ன பாகம்) பலவீனமாகியிருக்கும். 48 அங்குல ஃபேன்களில் பொதுவாக 2.5 மைக்ரோஃபேரட் இருக்கும், ஆனால் பழையதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. வேகம் வரட்டும் என்று பெரிய மதிப்பு போடுகிறவர்கள் உண்டு, மோட்டார் சூடாகிக் காயில் போய்விடும். மாற்றுவதென்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினை அணைக்க வேண்டும். கண்டென்சர் கொஞ்ச நேரம் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், வெறும் கையால் முனையைத் தொடாதீர்கள். தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் கூரையடியில் கொக்கியை மூடியிருக்கும் கப்பை இறக்கும்போதே மேலே கொக்கியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் போல்ட்டின் ஸ்பிளிட் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் கீழே விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில் தேய்ந்துபோய்த்தான்.

ரிப்பேருக்குப் பிறகு ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்.

3. ஃபேன் இருக்கும் இடமும் நீங்கள் இருக்கும் இடமும்

காசே செலவாகாத வழி இது. நம் வீடுகளில் கொக்கி அறையின் நட்டநடுவில் இருக்கும், கட்டில் சுவரோரம் இருக்கும். ஃபேன் காற்று பலமாக விழுவது இறக்கை சுற்றும் வட்டத்துக்கு நேர் கீழே. அதிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் போனாலே காற்று பாதியாகிவிடும். கட்டிலை இழுத்து, படுக்கும்போது நெஞ்சுப் பகுதி வட்டத்துக்குள் வருவது போலப் போட்டால், 5-ல் ஓடிய ஃபேன் 3-ல் ஓடினாலே போதும். கொசுவலை கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், வலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும்.

உயரத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டு, ராடைக் குட்டையாக வெட்டி, ஃபேனைக் கூரையோடு ஒட்டி மாட்டுவது ஒன்று. மேலிருந்து காற்றை இழுத்தால்தானே கீழே தள்ள முடியும்? இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அடியாவது வேண்டும். இன்னொன்று இதற்கு நேர் எதிர். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் கூரை 12, 14 அடி உயரம் இருக்கும், அங்கே கடையில் ஃபேனோடு வரும் ஒரு அடி ராடையே மாட்டிவிடுவார்கள், காற்று தலைக்கு வருவதற்குள் செத்துப்போகும். நீளமான ராடு தனியாகக் கிடைக்கும். தரையிலிருந்து இறக்கை எட்டு அடிக்குக் குறையாமல் இருந்தால் சரி. கட்டிலில் ஏறி நிற்கிற பிள்ளைகளையும், பரணிலிருந்து சாமான் எடுக்கிறவர் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

10-க்கு 12 அறைக்கு ஒரு 48 அங்குலம் போதும். 20 அடி நீள ஹாலுக்கு ஒரே பெரிய ஃபேனை விட இரண்டு ஃபேன் நல்லது, அதிலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும். சோபா பக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டு மேசைக்கு மேலே இருப்பதும் எதற்கு ஓட வேண்டும்?

4. ரெகுலேட்டர்

"ஸ்லோவாக வைத்தாலும் அதே கரண்ட்தான்" என்ற பேச்சு முன்பு பெருமளவு உண்மை. சுவிட்ச் போர்டில் பெரிய பெட்டியாக, தொட்டால் சுடுகிற பழைய ரெகுலேட்டர்கள் மோட்டாருக்குப் போகாத கரண்ட்டைக் கம்பிச் சுருளில் சூடாக எரித்தன. அந்தப் பெட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் ஸ்டெப் ரெகுலேட்டர் போடுங்கள், சில நூறு ரூபாய்தான். அதில் வேகம் குறைந்தால் கரண்ட்டும் நன்றாகக் குறையும். முதல் படியில் எழுதி வைத்த கணக்கில் 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் பிரச்சினை ரெகுலேட்டரில்தான்.

5. பிஎல்டிசி ஃபேன்: எந்த அறைக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

பிஎல்டிசி என்பது காந்தம் வைத்த மோட்டார், அதற்குள் ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு. சாதாரண ஃபேன் 75 வாட்டில் தரும் காற்றை இது 28-லிருந்து 35 வாட்டுக்குள் தந்துவிடும். குறைந்த வேகங்களில் வித்தியாசம் இன்னும் அதிகம், நடு வேகத்தில் 15 வாட்டுக்குள்ளேயே ஓடும் மாடல்கள் உண்டு. இந்தியாவில் இந்த வகை சீலிங் ஃபேனை முதலில் கொண்டுவந்தது நம் கோயம்புத்தூர்தான், 2012-ல் சூப்பர்ஃபேன் என்ற பெயரில். இப்போது எல்லா பெரிய கம்பெனியும் போடுகிறது.

நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற 75 வாட் ஃபேனை 30 வாட்டுக்கு மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். உங்கள் வீட்டில் கடைசியாக ஏறும் யூனிட்டுக்கு என்ன விலையோ அதால் பெருக்குங்கள், சராசரி விலையால் இல்லை, ஏனென்றால் மிச்சமாவது மேலே இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகள்தான். யூனிட் 5 ரூபாய் என்றால் 200 ரூபாய், 8 ரூபாய் என்றால் 320. மூவாயிரம் ரூபாய் ஃபேன் இரண்டரை வருடத்திலோ அதற்கு முன்னாலோ போட்ட காசை எடுத்துவிடும். அதே ஃபேன் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறையில், நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் மிச்சம் ஐந்து யூனிட்தான். அங்கே பழையதே கிடக்கட்டும். முதலில் படுக்கையறை, அப்புறம் ஹால். மொத்தமாக ஆறு ஃபேனையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லும் விற்பனையாளரிடம் தலையாட்டாதீர்கள்.

இதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேன்களுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். அப்போது வைத்த அளவுப்படி 48 அங்குல ஃபேனில், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்து வரும் எண் குறைந்தது 4 இருந்தால்தான் ஒரு ஸ்டார், 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து ஸ்டார். அதனால் இன்று புதிதாக வாங்கும் சாதாரண ஃபேனே 50 வாட் பக்கம்தான் எடுக்கிறது. புது வீட்டுக்கு வாங்கும்போது பிஎல்டிசிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை 20 யூனிட் மிச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும், 40-ஓடு இல்லை. அப்போதும் நிறைய ஓடும் அறைக்கு பிஎல்டிசிதான் என் ஓட்டு. இன்வெர்ட்டரில் அதே பேட்டரிக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும், வோல்டேஜ் குறையும் ஊர்களில் வேகம் தளராது. மே மாத இரவில் கரண்ட் போகும்போது அதன் அருமை தெரியும்.

வாங்கும்போது லேபிளில் வாட்டையும் காற்றின் அளவையும் சேர்த்தே பாருங்கள். வாட் மட்டும் குறைவாக, காற்று நிமிடத்துக்கு 200 கன மீட்டருக்குக் கீழே இருந்தால் வீட்டில் முணுமுணுப்பு வரும். மோட்டாருக்கு மட்டும் இல்லாமல் போர்டுக்கும் சேர்த்து வாரன்டி இருக்கிறதா என்று கேளுங்கள், கெட்டுப்போவது பெரும்பாலும் போர்டுதான், தெருமுனை எலக்ட்ரீஷியனால் அதைச் சரி செய்ய முடியாது. சர்வீஸ் ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ரிமோட்டை எங்கே வைத்தோம் என்று தேடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சுவிட்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்றும் மாடலோ சுவரில் மாட்டும் பிரத்யேக ரெகுலேட்டரோடு வரும் மாடலோ எடுங்கள். பழைய ரெகுலேட்டரோடு பிஎல்டிசியை இணைக்கக் கூடாது. அதைக் கழற்றி ஒயரை நேராகச் சுவிட்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் உறுமல் சத்தம் வரும், நாளாக ஆக போர்டு போய்விடும்.

6. ஏசியோடு சேர்த்து ஓட்டுங்கள்

ஏசி போட்டால் ஃபேனை அணைக்க வேண்டும் என்று சில வீடுகளில் சட்டமே இருக்கிறது. 1.5 டன் ஏசியின் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 1500 வாட், அதாவது இருபது பழைய ஃபேன். அதைக் கொஞ்சம் ஓய வைக்க ஒரு ஃபேன் ஓடினால் நஷ்டமா?

ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020-லிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று வைத்ததும் அவர்கள்தான். மேலே காற்று ஓடினால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலான சூடு உடம்புக்குத் தெரியாது. 22-ல் வைத்துப் போர்வை போர்த்தித் தூங்குகிற வீட்டில், இரண்டு மாத ஏசி செலவு 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதையே 26-ல் வைத்து ஃபேனை 2-லோ 3-லோ விட்டால் 65, 70 யூனிட் குறையும். பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் அதற்கு ஆவது 15 யூனிட்டுக்குள்தான்.

முதல் நாளே 26-க்குத் தாவ வேண்டாம், வீட்டில் சண்டை வரும். வாரத்துக்கு ஒரு டிகிரி கூட்டுங்கள். பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு ஏசி அணைகிற மாதிரி டைமர் வைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். கான்கிரீட் சூடு அதிகம் இறங்காத கீழ்த்தளத்து வீடுகளில் விடியும் வரை யாருக்கும் தெரியாது.

7. மொட்டை மாடிக்குக் கீழே இருப்பவர்களுக்கு

மேல் மாடி வீட்டில் ராத்திரி ஃபேன் போட்டால் அனல் காற்றுதான் வரும். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவில் அந்தச் சூட்டைக் கீழே விடுகிறது, ஃபேன் அதைத் தலையில் கொட்டுகிறது. இங்கே ஃபேனை மாற்றிப் பயனில்லை, தளத்தைக் கவனிக்க வேண்டும். மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அப்புறம் சூரியன் சாய்ந்ததும் ஜன்னல்களைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து அரை மணி நேரம் உள் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, அதற்கு மேல் சீலிங் ஃபேனைப் போடுங்கள். கடற்கரை ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும் பக்கத்து ஜன்னலை மூடி வைத்திருப்பது பாவம்.

அக்னி நட்சத்திர சமயத்தில் வேலூர், கரூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அறைக்குள்ளேயே 40-க்கு மேல் போனால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடாக்கும். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் ஃபேனை மட்டும் நம்பி வயதானவர்களையோ கைக்குழந்தையையோ விடாதீர்கள். ஈரத் துணி, தண்ணீர், முடிந்தால் ஏசி அறை. சிக்கனமெல்லாம் அப்புறம்.

8. மழைக் காலம், பனிக் காலம்

ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்தாலே பாதி நாள் ஃபேன் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஹாலில் கயிறு கட்டித் துணி காயப்போட்டு ஃபேனை முழு வேகத்தில் விடுகிறோம். ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் ஈரம் வெளியே போகும், மூடிய அறையில் அதே ஈரக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும், துணியும் நாறும். மார்கழியில் காற்றுக்காக இல்லாமல் கொசுவை விரட்ட ஃபேன் ஓடும். காற்றில் கொசுவால் சரியாகப் பறக்க முடியாது, அதற்கு மெல்லிய வேகமே போதும்.

குளிர்காலத்தில் ஃபேனை எதிர்த்திசையில் சுற்ற விடுங்கள் என்று இணையத்தில் நிறைய பேர் எழுதுகிறார்கள். ஹீட்டர் போட்டு வீட்டைச் சூடாக்கும் நாடுகளுக்கான யோசனை அது. சூடான காற்று கூரையடியில் போய்த் தேங்கும், ஃபேன் மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றினால் அது சுவரோரமாகக் கீழே இறங்கும், ஆள் மேல் காற்றும் அடிக்காது. சென்னையிலோ மதுரையிலோ இதற்கு வேலையே இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் 2000 வாட் ஹீட்டர் போடுகிறவர்களுக்கு உண்மையாகவே உதவும். சில பிஎல்டிசி ரிமோட்டுகளில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு.

9. குறைந்ததா என்று பார்ப்பது

மாற்றங்களைச் செய்துவிட்டு அடுத்த பில்லை முந்தைய பில்லோடு ஒப்பிடாதீர்கள். மார்ச்–ஏப்ரலையும் மே–ஜூனையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் புரியாது, வெயில்தான் தெரியும். போன வருடத்தின் அதே இரண்டு மாதத்தை எடுங்கள், பழைய ரீடிங் எல்லாம் மின்வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டால் கிடைக்கும். ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள், நடுவில் கட்டணம் மாறியிருந்தால் ரூபாய்க் கணக்கு ஏமாற்றும். எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் சந்தேகத்தை ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், போர் மோட்டார் பக்கம் திருப்புங்கள். மீட்டர் விளக்கை எண்ணும் அதே சோதனையை அவற்றுக்கும் செய்யலாம், ஃபிரிட்ஜுக்கு மட்டும் கம்ப்ரஸர் ஓடுகிற நேரம் பார்த்து எண்ணுங்கள்.